ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

ஜூன் 3, செவ்வாய்

ஐஸ் வரவில்லை. தண்ணீர் பிடித்த குப்பிகளைக் கொஞ்சம் நிழலில் அடுக்கிவைத்துவிட்டு ஐஸுக்காகக் காத்திருந்ததுதான் இன்று நான் செய்த அறிவியல்.

ஒவ்வொரு குப்பியையும் விளிம்பு வரை நிரப்பி, மூடி, கவிழ்த்து, விரலால் சுண்டிப் பார்க்க வேண்டும். உள்ளே ஒரு குமிழிகூட இருக்கக் கூடாது. தண்ணீரில் பெட்ரோல் கலந்திருந்தால் அது அந்தக் குமிழிக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஆய்வகத்தில் மூடியைத் திறந்ததும் பறந்துவிடும். தண்ணீர் ஒன்றும் தெரியாத யோக்கியன் போல நிற்கும். ஐஸில் வைக்காமல் சூடேறினாலும் இதே கதைதான். இதைக் கல்லூரியில் பரீட்சைக்கு எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஐஸ் வராவிட்டால் என்ன செய்வது என்று அங்கே யாரும் சொல்லித்தரவில்லை.

"ஐஸ் வரலை சார்" என்று போன் செய்தேன்.

"பாத்துக்கலாம்மா."

கையுறை கிழிந்திருக்கிறது என்றாலும் பாத்துக்கலாம். கம்பி வேலி சாய்ந்துவிட்டது என்றாலும் பாத்துக்கலாம். மனதுக்குள் அவருக்கு அதுதான் பெயர். எங்கள் நிறுவனம் என்பது பாத்துக்கலாம் சார், நான், ஒரு பிரிண்டர். மூவரில் அடிக்கடி விடுப்பு எடுப்பது பிரிண்டர்.

மூடிப்போன பெட்ரோல் பங்க். நிலத்தடித் தொட்டிகளைப் போன வருடமே தோண்டி எடுத்துவிட்டார்கள். அதற்கு முன் அவை எவ்வளவு கசிந்தன, கசிந்தது எங்கே போனது — இதைக் கண்டுபிடித்துச் சொல்லத்தான் வந்திருக்கிறோம். இடத்தை வாங்கியவர்கள் துணிக்கடை கட்டப் போகிறார்கள். அவர்களுடைய மேலாளருக்கு எங்கள் அறிக்கை இந்த மாதமே வேண்டும்.

இன்னொன்று. அங்கே பெண்கள் ஒதுங்க இடமே இல்லை. இதை யாரிடம் போய்ச் சொல்வது? "பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டால்?

ஜூன் 4, புதன்

தண்ணீர் குடிக்காமல் இருந்தால் தலைவலி. குடித்தால் வேறு அவஸ்தை. தண்ணீரைப் படித்தவளுக்குத் தண்ணீர் குடிக்கப் பயம்.

ஜூன் 5, வியாழன்

இடத்தின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சலவைக்கடை. முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவில் கிணறு. அதை நடத்தும் அக்கா மொட்டை மாடியில் போர்வை உலர்த்திக்கொண்டே என்னை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள் போல.

"ஏம்மா பொண்ணு. காலை மாத்தி மாத்தி நிக்கிறியே, பாத்ரூம் போகணுமா?"

வேலிக்கு அந்தப் பக்கம் பைப் தூக்கிக்கொண்டிருந்த ஆட்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். அதில்தான் ஏற்கெனவே ஐந்து ஓட்டை போட்டிருக்கிறோம்.

"இல்லக்கா" என்றேன்.

"இல்லையாமே. முகத்தைப் பாரு. கொல்லைக் கதவு தாழ்ப்பாள் தளர்ந்துதான் இருக்கும், லேசா தூக்கித் தள்ளு. நாளையில இருந்து சொல்லிட்டெல்லாம் வராத, நேரா போ."

போனேன். வாளித் தண்ணீரை மொண்டபோது பெட்ரோல் வாசம் வந்தது. மிக லேசாக. கையை முகர்ந்தேன்: கையிலும் அதே வாசம். சட்டையிலும். நாள் முழுக்க அந்த மண்ணில் புரண்டுவிட்டு என் மூக்கை நான் எப்படி நம்புவது?

வீட்டுக்கு வந்தால் அம்மா வாசலிலேயே நிறுத்தினாள். "சட்டையை வெளியவே போடு. அடுப்பு பக்கம் வந்தா பத்திக்கும். பதினாறு வருஷம் படிச்சுட்டு மெக்கானிக் கடைப் பையன் மாதிரி வந்து நிக்கிறா."

அப்பா மட்டும் சிரித்தார். பக்கத்து வீட்டில் என்னை "மண்ணு டாக்டர்" என்று சொல்லிவைத்திருக்கிறாராம். இனி அந்த வீட்டுக்காரர்கள் தங்கள் செடிக்கு என்ன நோய் என்று கேட்பார்கள். எனக்குத் தெரியாது.

ஜூன் 8, ஞாயிறு

மழை. நீர்மட்டம் அளப்பது தள்ளிப்போனது.

அந்த ஐந்து ஓட்டைகளிலும் கை நுழையாத அளவுக்குப் பிளாஸ்டிக் குழாய் இறக்கியிருக்கிறோம். தரைக்கு அடியில் உள்ள தண்ணீர் அதில் ஏறி நிற்கும். அளவு நாடாவை இறக்கினால், நுனி தண்ணீரைத் தொட்டதும் மேலே கீச்சென்று சத்தம். எந்தக் குழாயில் தண்ணீர் உயரமாக நிற்கிறதோ அங்கிருந்து தாழ்ந்த பக்கம் நோக்கித்தான் நிலத்தடி நீர் நகரும். பெட்ரோலும் அதோடு போகும்.

சார் எப்போதும் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் அளப்பார். மூன்று குழாய்கள் சாலையோரம். மற்ற நாட்களில் அவற்றின் மூடிமேல் எவனாவது வண்டியை நிறுத்தியிருப்பான். இதுவரை அளந்ததில் எல்லாம் ஒரே பதில்: தண்ணீர் முன்பக்கம், சாலையோரச் சாக்கடையை நோக்கிப் போகிறது. அந்தப் பக்கம் யாரும் கிணறு வைத்திருக்கவில்லை. ஆகவே யாருக்கும் கெடுதல் இல்லை. அறிக்கையே பாதி முடிந்த மாதிரி.

"நாளைக்கு நீயே போய் அளந்துடும்மா. சும்மா ஒரு கணக்குக்குத்தான்."

ஜூன் 9, திங்கள்

மூடிமேல் காய்கறி லாரி. ஓட்டுநரைத் தேடிப் பிடித்து, "அண்ணா, கொஞ்சம் நகர்த்துறீங்களா" என்று கேட்பதற்குள் எனக்குக் குரல் போய்விட்டது. "எதுக்கு?" என்றார். "கீழே ஒரு குழாய் இருக்கு." "இருந்துட்டுப் போகட்டும்." கடைசியில் நகர்த்தினார், ஏதோ சொத்தில் பங்கு கேட்டுவிட்டது போல.

அதை விடு. அளவு தலைகீழாக வருகிறது. பின்சுவர்ப் பக்கக் குழாயில் தண்ணீர் முன்பக்கத்தைவிடத் தாழ்ந்து நிற்கிறது. இரண்டாம் முறை அளந்தேன். மூன்றாம் முறையும் அளந்தேன். அப்படியானால் தண்ணீர் பின்பக்கம் போகிறது. சரிவுக்கு எதிராக. தண்ணீருக்கு என்ன கிறுக்கா பிடித்திருக்கிறது?

அல்லது எனக்கு.

ஜூன் 10, செவ்வாய்

"நாடாவைத் தலைகீழா பிடிச்சுட்டியாம்மா?" என்று சார் சிரித்தார். தொலைபேசியில் யாரிடமோ பேசும்போதும் சொன்னார்: "புதுப் பொண்ணு, மேட்டுல தண்ணி ஏத்திட்டா."

என் அளவுகளை அறிக்கையில் சேர்க்கவில்லை. "மழைக்கு அடுத்த நாள், அப்படித்தான் குழப்பும். ஞாயித்துக்கிழமை நானே வரேன்."

மழை ஐந்து குழாய்க்கும் சேர்ந்துதானே பெய்தது? இதை அங்கே கேட்டிருக்க வேண்டும். எனக்குப் பதில்கள் எல்லாம் பேருந்தில் வரும்போதுதான் தோன்றும்.

ஜூன் 12, வியாழன்

இன்று கடையில் சண்டை. ஒருவர் வெள்ளைச் சட்டைகளை மேசைமேல் விசிறி அடித்துவிட்டுப் போனார். தாழ்ப்பாளைத் தூக்கிக்கொண்டு கொல்லையில் நின்றவள் அப்படியே நின்றுவிட்டேன்.

"மண்ணெண்ணெய் ஊத்தித் துவைக்கிறேனாம்" என்றாள் அக்கா. "மூணாவது ஆளு இந்த மாசத்துல. சோப்பை மாத்துனேன், நீலத்தை நிறுத்துனேன், மெஷினை அக்கு அக்கா கழட்டிக் கழுவுனேன். இன்னும் என்னத்தை மாத்த, என்னையா?"

கைகளைக் காட்டினாள். விரலிடுக்குகளில் தோல் உரிந்து சிவந்திருந்தது. அதற்கும் சோப்புதான் காரணம் என்று நினைக்கிறாள். குடிக்கக் கேன் தண்ணீர். குளிக்க, வாய் கொப்பளிக்க, துவைக்க எல்லாமே அந்தக் கிணறு.

அப்படியானால் அன்று என் மூக்கு பொய் சொல்லவில்லை.

சாரிடம் போனில் கேட்டேன், அந்தக் கிணற்றில் ஒரு குப்பி பிடிக்கட்டுமா என்று. "அது நம்ம எல்லைக்கு வெளியம்மா. தண்ணியும் அந்தப் பக்கம் போகலையே. போகாத ஊருக்கு எதுக்கு வழி கேக்குற?"

ஜூன் 15, ஞாயிறு

சார் வந்தார். சாலை காலி. ஐந்து குழாய்களையும் விசில் அடித்துக்கொண்டே அளந்தார். நான் எழுதினேன்.

சாக்கடைப் பக்கம்தான். பழையபடி, கச்சிதமாக. பின்பக்கக் குழாயில் தண்ணீர் உயர்ந்து நிற்கிறது, சமர்த்தாக.

"பாத்தியா?"

பார்த்தேன். என் கண் முன்னால்தான் அளந்தார். நாடா கீச்சிட்ட இடம்கூடத் தெரிந்தது. கோபம் வந்தால் அழுகை வரும் எனக்கு; அது இன்னொரு எரிச்சல். வேலி ஓரமாகப் போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தேன். கொல்லைக் கதவு இன்று பூட்டியிருந்தது. கடைக்கு விடுமுறை.

ஜூன் 16, திங்கள்

காலையில் அம்மா குழாயடியில் கத்திக்கொண்டிருந்தாள். "மாடி வீட்டுக்காரி மோட்டாரைப் போட்டுட்டா. இனி நம்ம குழாயில காத்துதான் வரும். வாளியை எடுத்து உள்ள வை."

வாளியை எடுத்து உள்ளே வைத்தேன். வைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கடைக்கு விடுமுறை.

ஞாயிறு கடை பூட்டியிருக்கும். மோட்டார் ஓடாது. மற்ற ஆறு நாளும் ஓடும், காலையிலிருந்து சாயங்காலம் வரை, போர்வை போர்வையாக. அக்கா கிணற்றிலிருந்து இழுக்க இழுக்க, சுற்றியுள்ள தண்ணீர் எல்லாம் சரிவை மறந்துவிட்டு அவளிடம் போகிறது. நாங்கள் ஞாயிறு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, அது எப்போதும் சாக்கடைப் பக்கம்தான் போகிறது என்று எழுதுகிறோம். வண்டி நிறுத்த இடம் கிடைக்கிறது என்பதற்காக.

வார விடுமுறையில் மட்டும் ஒரு மனுஷனைப் பார்த்துவிட்டு, இவன் வேலையே செய்யாதவன் என்று சொல்வது மாதிரி.

"வாளி என்ன சிம்மாசனமா?" என்றாள் அம்மா. அவளைக் கட்டிப்பிடித்தேன். "சீ, போ. பெட்ரோல் நாத்தம்."

ஜூன் 17, செவ்வாய்

காலையில் கடை திறக்கும் முன்பே போய்ப் பின்பக்கக் குழாயில் நாடாவை இறக்கி உட்கார்ந்துவிட்டேன். சுவருக்கு மேலே எட்டிக் கேட்டேன்:

"அக்கா, மோட்டார் போடும்போது ஒரு குரல் குடுக்கிறீங்களா?"

"என் மோட்டாரைப் பத்தி உனக்கு என்ன கவலை? கரண்டு பில்லு கட்டப் போறியா?"

ஆனால் குரல் கொடுத்தாள். மோட்டார் உறுமியது. நாடா கீச்சிட்டுக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது. கொஞ்சம் இறக்கினேன், கீச். மறுபடி நின்றது. இன்னும் கொஞ்சம். தண்ணீர் என் கையிலிருந்து நழுவி நழுவி அவள் பக்கம் போய்க்கொண்டிருந்தது. மண்ணுக்கு அடியில் நடப்பதை இவ்வளவு பக்கத்தில் நான் கேட்டதே இல்லை.

கிணற்றுத் தண்ணீரில் இரண்டு குப்பி பிடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "குடமே எடுத்துட்டுப் போ" என்றாள். எதற்கு என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஒரு குமிழிகூட இல்லாமல் நிரப்பினேன். இன்று பார்த்து ஐஸ் நேரத்துக்கு வந்தது.

ஜூன் 19, வியாழன்

சாரிடம் சொன்னேன். பாதியிலேயே போன் வந்துவிட்டது அவருக்கு. திரும்பி வந்து, "என்னம்மா சொன்ன, சலவைக்கடையா? பாத்துக்கலாம்" என்றார்.

நாளை மேலாளரோடு கூட்டம். மேசையில் அறிக்கை தயார். பிரிண்டர்கூட ஒத்துழைத்திருக்கிறது. பத்தாம் பக்கத்தில் இருக்கிறது: பின்பக்கத்தில் பாதிப்பு இருக்க வாய்ப்பில்லை.

அந்த மேலாளர் யார் வாயைத் திறந்தாலும் "சுருக்கமா" என்பார். போன கூட்டத்தில் நான் வணக்கம் சொன்னதற்குக்கூடச் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். ஆகவே சுருக்கமாக எழுதிப் பார்க்கிறேன்:

ஐயா, நிலத்தடி நீரோட்டத் திசையானது — வேண்டாம்.

நாங்கள் மேற்கொண்ட அளவீடுகளின் அடிப்படையில் — தூங்கிவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் வேறு, வாரநாள் தண்ணீர் வேறு.

இது சரி. இதை மட்டும் சொல்ல வேண்டும். சொல்வேனா?

ஜூன் 20, வெள்ளி

சொன்னேன். எப்படி என்று தெரியவில்லை.

சார் அறிக்கையை வாசித்துப் பத்தாம் பக்கத்துக்கு வந்தார். அந்த வரியை வாசிக்கும் முன் ஒரு கணம் நிறுத்தி என்னைப் பார்த்தார். அதுதான் என்னைத் தூக்கிவிட்டது. எழுந்தே நின்றுவிட்டேன், வகுப்பில் மாதிரி.

"சார், ஞாயித்துக்கிழமை அளந்தா தண்ணி சாக்கடைப் பக்கம் போகுது. மத்த நாள் சலவைக்கடைக் கிணத்துக்குப் போகுது. நாம ஞாயித்துக்கிழமை மட்டும்தான் அளந்திருக்கோம்."

மேலாளர் முதல் முறையாக "சுருக்கமா" என்று சொல்லவில்லை. இதற்கு மேல் சுருக்க முடியாது.

"யாரு இந்தப் பொண்ணு?" என்று சாரிடம் கேட்டார்.

"எங்க பொண்ணுதான்."

"ஞாயித்துக்கிழமை அளவு நல்லாத்தானே இருக்கு. அதையே வெச்சுக்கலாமே. தெரியாததால இப்ப யாருக்கு என்ன நஷ்டம்?"

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். பாத்துக்கலாம் என்று சொல்லப் போகிறார் என்று நான் உட்கார்ந்தே விட்டேன்.

"இது வரைக்கும் தெரியாது சார். இப்ப தெரிஞ்சுபோச்சே. கடைசிப் பக்கத்துல கையெழுத்து போடுறது நான்" என்றார். "திங்கட்கிழமை நீங்களும் வாங்க. எல்லாருமா பாப்போம்."

வெளியே வந்ததும் என்னிடம் கடுகடுவென்று: "முன்னாடியே தெளிவா சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?"

சொன்னேனே. நேற்று. நீங்கள் போனில் இருந்தீர்கள்.

ஜூன் 23, திங்கள்

பளபளக்கும் காலணியோடு மேலாளர் சேற்றில் நின்றார். அக்கா மோட்டார் போட்டாள். நாடாவைச் சாரே பிடித்தார். கீச் நின்றது. இறக்கினார். கீச். நின்றது. விசில் அடிக்கவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா: "போதுமா? நிறுத்தவா? இங்க தொட்டி நிரம்பி வழியுது."

மத்தியானம் ஆய்வக முடிவு வந்தது. அவள் கிணற்றுத் தண்ணீர் குளிக்கக்கூட ஆகாது.

நான் ஜெயித்துவிட்டேன் என்று ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன். ஒரே ஒரு நிமிடம்.

ஜூன் 26, வியாழன்

அக்காவிடம் சொல்லும் வேலை எனக்கு. "உன்கிட்டதான் நல்லா பழகுறாங்க" என்றார் சார். இதற்கு மட்டும் நான் வேண்டும்.

கிணற்றைப் பயன்படுத்தக் கூடாது, மோட்டாரை இன்றே நிறுத்த வேண்டும், ஓட ஓட இன்னும் இழுக்கும் — எல்லாவற்றையும் சொன்னேன். மாற்றுத் தண்ணீர் ஏற்பாடு செய்யச் சொல்லி எழுதியிருக்கிறோம் என்றும் சொன்னேன்.

கேட்டுக்கொண்டே கையிலிருந்த சட்டையை இஸ்திரி போட்டு முடித்தாள். பிறகு பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"அன்னைக்கு ரெண்டு குப்பி எடுத்துட்டுப் போனியே. இதுக்குத்தானா?"

"ஆமாக்கா."

"வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னியா?"

இல்லை.

"நாசம் பண்ணுனவன் பங்க்கை மூடிட்டுப் போயிட்டான். நிலத்தை வாங்குனவன் கடை கட்டப் போறான். என் கிணத்துக்குத்தான் பூட்டு. பாவமேன்னு கதவைத் திறந்துவிட்டேன் உனக்கு. நீ நல்ல கைம்மாறு பண்ணுன போ."

உங்கள் கைகளுக்காகத்தான் என்று சொல்ல நினைத்தேன். வழக்கம்போலப் பேருந்தில்தான் அது வாக்கியமாக வந்தது. வந்தும் அது சரியான பதில் இல்லை. அவள் கேட்டது வேறு.

ஜூலை 1, செவ்வாய்

வேலை நடக்கிறது. தண்ணீர் குடிப்பதை மறுபடி நிறுத்திவிட்டேன்.

ஜூலை 4, வெள்ளி

கடை ஷட்டர் பாதிதான் திறந்திருக்கிறது. இஸ்திரி மட்டும். மொட்டை மாடிக் கொடியில் ஒரு துணி இல்லை.

தண்ணீர் ஏற்பாடு என்ன ஆனது என்று சாரைக் கேட்டேன். மேலாளர் யோசிக்கிறாராம். "யோசிக்கிறதுக்கு என்ன சார் இருக்கு? அவங்க கடை காஞ்சு கிடக்கு" என்றேன். குரல் கொஞ்சம் பெரிதாகவே வந்துவிட்டது. சார் திரும்பிப் பார்த்தார். பிரிண்டர்கூட நின்ற மாதிரி இருந்தது.

"தொட்டி வெச்சு தினமும் தண்ணி விடற வரைக்கும் கையெழுத்து கிடையாதுன்னு சொல்லுங்க சார். உங்க கையெழுத்துதானே."

"பா…" என்று ஆரம்பித்தவர், முடிக்காமல் போனை எடுத்தார்.

ஜூலை 9, புதன்

சுவரை ஒட்டி, சலவைக்கடைப் பக்க மூலையில் புதிதாகத் துளை போட்டோம். முதலில் இங்கேதான் போட்டிருக்க வேண்டும். மேலே சாதாரண மண். ஆழம் போகப் போகச் சாம்பல் நிறம், பிறகு கரும்பச்சை. வாசம் அப்படியே முகத்தில் அறைந்தது. துளை போடும் அண்ணன் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "மேடம், இதைப் பிழிஞ்சா வண்டி வீடு வரைக்கும் ஓடும்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அப்புறம் நான் சிரித்துவிட்டேன். நிறுத்த முடியவில்லை.

மண்ணை எல்லாம் வெட்டி எடுக்காமல் இங்கே ஒரு செங்கல்லும் வைக்க முடியாது. அறிக்கையின் பத்தாம் பக்கத்தைப் புதிதாக எழுதச் சொல்லிவிட்டார் சார். என்னை.

ஜூலை 14, திங்கள்

சுவருக்கு அந்தப் பக்கம் இரும்புக் கால்களின்மேல் நீலத் தொட்டி ஏறியிருக்கிறது. தண்ணி லாரி வந்து நிரப்பிவிட்டுப் போனது. அக்கா லாரிக்காரரோடு சண்டை பிடித்தது இங்கே வரை கேட்டது. தொட்டி சாய்ந்திருக்கிறதாம், லாரி தாமதமாம், இந்தத் தண்ணீரில் நுரை அதிகமாக வருகிறதாம், அலசி மாளவில்லையாம். மாடியில் போர்வைகள்.

என் பக்கம் திரும்பவில்லை.

இன்று நீர்மட்டம் அளந்தேன். திங்கட்கிழமை, வேலை நாள். தண்ணீர் சாக்கடைப் பக்கம் போகிறது.

ஜூலை 18, வெள்ளி

கடைசி மாதிரிகள். குப்பியைக் கவிழ்த்துச் சுண்டிக்கொண்டிருந்தபோது மாடியிலிருந்து குரல்:

"ஏ, மண்ணு டாக்டரு. எவ்வளவு நேரம் காலை மாத்தி மாத்தி நிப்ப?"

அந்தப் பெயரை அவளிடம் எப்போது உளறினேன் என்று தெரியவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

கொல்லைக் கதவை வழக்கம்போலத் தூக்கித் தள்ளப் போனேன். தூக்க வேண்டியிருக்கவில்லை. திறந்தே இருந்தது.

வாளித் தண்ணீரை மொண்டு முகர்ந்தேன். ஒன்றும் இல்லை. கையை முகர்ந்தேன். பெட்ரோல். அது என்னுடையது.